மற்றவை

வீரபாண்டிப் பிரிவில் இறங்கி
அசிட்டிக் நெடி வரும் பக்கம் நடந்தால்
எங்கள் சாயப்பட்டறை.
பன்னிரண்டு மெஷினுக்கும் போன தையில்
தலைக்கொரு திரை மாட்டினோம்.
மெஷின் நின்றால் திரை கேட்கும்:
ஏன்?

பதில்களை நான்தான் எழுதினேன்.
மின்தடை. நீராவி இல்லை. துணி வரவில்லை.
ஷேடு ஓகே ஆகவில்லை. பழுது. ஆளில்லை.
ஏழாவதாக, மற்றவை.
பந்தியில் ஊறுகாய் வைப்பதுபோல்
ஓரத்தில் ஒரு சொல்.

புரட்டாசி முடிந்து அறிக்கை எடுத்தால்
வட்டத்தில் பாதிக்கு மேல் அதுதான்.
நிறம் விற்கிற கம்பெனியில்
அதற்கு நான் கொடுத்திருந்த நிறம் சாம்பல்.

எம்.டி. குமரவடிவேல் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஏனுங் அம்மிணி,
இத்தனை லட்சம் போட்டது
தெரியலைங்கறதை இத்தனை தெளிவாச் சொல்றதுக்குங்களா?"

அன்று ராத்திரி ஷிஃப்டுக்கு இறங்கினேன்.
ஒன்றரை மணிக்கு நாலாம் மெஷினை நிறுத்திய பிஜய் பெஹரா
திரையைப் பார்க்கக்கூட இல்லை.
கொசு அடிக்கிற வேகத்தில்
விரல் ஏழாவதைத் தொட்டுவிட்டு வந்தது.
ஓடினார்.
பின்னாலேயே நானும்.

பின்கட்டில் உப்பு.
ஆவியாக்கி கக்கிய கலப்பு உப்பு,
விற்க ஆளில்லாதது, கொட்ட இடமில்லாதது,
நொய்யலுக்குள் போகாமல் தடுத்ததற்கு
எங்களுக்குக் கிடைத்த வெள்ளைக் கரடு.
மூட்டைமேல் மூட்டையாக எட்டு வருஷம்.
தகரம் ஒழுகும் மூலையில்
பாய்லர் கிட்டுசாமி ஏற்கெனவே ஏறி நின்று
தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்.
"தூறல் போட்டா ஓடோணுங்.
நனைஞ்சா கரைஞ்சு ஆத்துக்கே போயிருமுங்.
இதுக்கு அந்தப் பொட்டியில பொத்தான் எங்கீங் இருக்குது?"

மழை என் கழுத்துக்குள் இறங்கியது.
வாசலில் இருக்கிற மீட்டர்
கால் மணிக்கொருதரம் சென்னைக்குச் சொல்கிறது:
வெளியேறிய கழிவுநீர் பூஜ்யம்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
பொய்யில்லை.
மூட்டையைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை,
அவ்வளவுதான்.

மறுநாள் ஏழாவதை அழித்துவிட்டு
வெறும் கட்டம் ஒன்று வைத்தேன்,
எந்த மொழியிலும் எழுதலாம் என்று.
ஒடியாவில் வந்ததைப் பிஜய்யே படித்துச் சொன்னார்.
*மகளுக்குக் காய்ச்சல், அஞ்சு நிமிஷம் பேசினேன்.*
*ஷேடு மாஸ்டர் டீ குடிக்கிறார்.*
*உப்பு.*
*உப்பு.*
*கேட்டதால் எழுதுகிறேன், ஒன்றுமில்லை.*
*மறுபடியும் உப்பு.*

லேபில் சரஸ்மணி கணக்குப் போட்டுக் காட்டினாள்:
முந்நூறு கிலோ துணி கறுப்பாக
நூற்றைம்பது கிலோ உப்பு.
"தார்ப்பாய் வாங்கறதைவிட
போடறதைக் குறைக்கலாமில்ல?"

குறைத்தோம்.
முதல் லாட் வெயிலில் காய்ந்த எருமைத் தோல்,
திட்டுத் திட்டாக.
இரண்டாவதை பையர் திருப்பி அனுப்பினான்.
மூன்றாவதன் சமயம் சரஸ்மணி
நாற்பது மணி நேரம் வீட்டுக்குப் போகவில்லை;
அவள் நின்றதற்கு
எந்தத் திரையும் காரணம் கேட்கவில்லை.
நான்காவது தேறியது. பாதி உப்பு.
கிலோவுக்கு ஏழு ரூபாய் கூடுதல்.
எம்.டி. ரொம்ப நேரம் விசிறியையே பார்த்திருந்துவிட்டு
"கறுப்புக்கு மட்டும் போடுங்" என்றார்.

ஆகவே கறுப்புக்கு மட்டும்.
கரடு குறையவில்லை.
வளர்வது மெதுவாகியிருக்கிறது.
ஐப்பசியில் கிட்டுசாமி இன்னும் ஓடுகிறார்.

இந்த மாத அறிக்கையில்
முதல் பக்கம், பச்சை எழுத்தில் பூஜ்யம்.
அதை ஒட்டி, அதே அளவு எழுத்தில்
மூட்டைக் கணக்கையும் போட்டேன்:
பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
யாரும் போடச் சொல்லவில்லை.
எம்.டி. பார்த்தார்.
எடுக்கவும் சொல்லவில்லை.